துரைக்குப் போட்ட வடை

நாய்க்கு வடை போட்டது நீங்கள், சார். பழியை மேடம் மேல் போட்டதும் நீங்கள்தான்.

அந்தக் கண்ணாடிக் குழாய் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தஞ்சாவூரில் நான் டெக்னீஷியனாக இருந்த ஆய்வுக்கூடத்தில் துரை என்றொரு நாய் இருந்தது. அதன் இரைப்பையில் ஒரு துண்டைத் தனிப் பையாகத் தைத்து, நரம்பை அறுத்து, ரத்த ஓட்டத்தை மட்டும் விட்டிருந்தார்கள். துரை கறி தின்றால் அந்தப் பையிலும் அமிலம் ஊறும். விலாவில் வைத்த குழாய் வழியே சொட்டும். உங்களிடம் ஆராய்ச்சி செய்த மேடம்தான் அதைக் கண்ணாடிக் குழாயில் பிடிப்பார். துரை அவர் மடியில் தாடையை வைத்துக்கொள்ளும். "கொஞ்சம் பொறுத்துக்கடா தங்கம், முடிஞ்சிரும்" என்பார். நாயிடம் அப்படிப் பேசுகிற ஆராய்ச்சியாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படித்தவர்கள் வெளிநாடு போகத் துடித்து, ஊரெல்லாம் பாஸ்போர்ட் பேச்சாக இருந்த காலம். உங்களுக்கு அமெரிக்க விசா வந்தது. எண்ணெய் வழிய வழிய மெதுவடை வாங்கி வந்தீர்கள். "நீயும் சாப்பிடுடா" என்று துரைக்கும் இரண்டைப் போட்டீர்கள். மேடம் வேண்டாமென்று சொல்வதற்குள் அது விழுங்கிவிட்டது. பிறகு வழக்கம்போல் கறி வைத்தோம். குழாயில் எப்போதும் வரும் அமிலத்தில் பாதிகூட இறங்கவில்லை. அன்று பார்த்து கல்லூரி முதல்வர் வந்து நின்றார்.

"என்னம்மா, கீழ ஊத்திட்டியா?" என்று அவர் முன்னால் கேட்டீர்கள்.

"இல்லை சார். வடை எண்ணெய் குடலுக்குப் போயிருக்கு. அங்கேருந்து ஹார்மோன் ரத்தத்துல கலந்து அமிலத்தைக் குறைக்குது. நரம்புதான் இல்லையே, வேற எப்படி பைக்குச் சேதி போகும்?"

வடையை நானும் பார்த்தேன் என்றேன். "எந்த வடை?" என்றீர்கள். உங்கள் விரலில் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. கவனக்குறைவு என்று மேடத்தை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டு விமானம் ஏறினீர்கள்.

மேடம் திருவாரூரில் பள்ளிக்கூட டீச்சராகி ஓய்வும் பெற்றுவிட்டார். போன மாதம் பார்க்கப் போனேன். தட்டில் வடை வைத்தார். "சாப்பிடுங்க, அமிலம் குறையும்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் கீழ ஊத்தலைங்க" என்றார். கூடவே நின்று பார்த்த என்னிடம், இத்தனை வருஷம் கழித்து.

இப்போதெல்லாம் ஊருக்கு வருகிறீர்கள், மாலை போடுகிறார்கள், நேர்மையைப் பற்றிப் பேசுகிறீர்கள். அடுத்த முறை மேடை ஏறும்போது, மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள் சார்: துரைக்கு வடை போட்டது யார்?