தக் ஃபொர் மாட்டன்

எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழும்புகிறவர் "தக் ஃபொர் மாட்டன்" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்குவார். சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம். நோர்வேக்காரர் சமைத்தவருக்குச் சொல்லும் வாசகம் இது. பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே பழக்கிவிடுகிறார்கள். என் மகள் மதுராவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பாலர் பாடசாலைக் காலத்திலேயே அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவள் வளர்ந்த பிறகு ஒருநாள், வேலை முடிந்து நான் கதவைத் திறக்கும்போது, அவள் தனியாக இருந்து சாப்பிட்டு எழும்பி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. "ஆருக்கடி சொல்லுறாய்?" என்று கேட்டேன். "மைக்ரோவேவுக்கு" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

அந்த வாசகத்துக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே சரிவரவில்லை. நோர்வேக்கு வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்த நோர்வேஜியச் சொற்கள் பத்தோ பன்னிரண்டோ. ஒரு கிழவர் ஒவ்வொரு மத்தியானமும் தட்டில் ஒரு துண்டு உருளைக்கிழங்கை மிச்சம் விட்டு, என்னைப் பார்த்து "தக் ஃபொர் மாட்டன்" என்பார். எனக்கு விளங்கியது கடைசிச் சொல் மட்டும்தான். மாட்டன். யாழ்ப்பாணத்து ஆளுக்கு அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? மனிசன் சாப்பிட மாட்டன் என்று அடம்பிடிக்கிறார் என்றே நினைத்தேன். மாட்டன் என்று சொன்னால் இன்னும் ஒரு கரண்டி போடுவதுதானே எங்கள் வழக்கம். போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல மெல்லச் சாப்பிட்டு முடித்தார். ஒரு கிழமையாக இது நடந்தது. பிறகு கூட வேலை செய்யும் இங்கர் கண்டுபிடித்து, விசயத்தை விளக்கிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தக் கிழவர் ஏன் ஒரு நாளாவது கையால் தடுக்கவில்லை என்று இப்போதும் யோசிப்பேன். புதிதாக வந்தவளின் மனதை நோகடிக்கக் கூடாது என்று இருந்திருப்பார்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறார். அவருக்கு ஓய்வு வரும் நாளில் எனக்கு வேலை, எனக்கு ஓய்வு வரும் நாளில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை நான் பெரிய சட்டியில் சமைத்து, பெட்டி பெட்டியாகப் போட்டு, மேலே மஞ்சள் கடதாசித் துண்டில் பெயரும் கிழமையும் எழுதி ஒட்டுவேன். புதன்கிழமை வரைக்கும் ஓடும். அதற்குப் பிறகு பாணும் கையில் அகப்பட்டதும். இது எல்லாம் வெளிநாட்டுப் பிழைப்பு கொண்டுவந்த சீர்கேடு என்று வருடக் கணக்காக நம்பியிருந்தேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஊரில் என்றால் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஆகவே ஆறு வருடத்துக்குப் பிறகு, போன கோடையில், மதுராவைக் கூட்டிக்கொண்டு மூன்று கிழமைக்கு ஊருக்கு, பண்டத்தரிப்புக்குப் போனபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. எங்கள் ஊர் வீட்டு மேசையில் எல்லாரோடும் சேர்ந்திருந்து ஒரு நேரம் சாப்பிட வேண்டும், வந்துபோகிற ஆளாக இல்லாமல் அந்த வீட்டு ஆளாக.

அது நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு தங்கச்சி வதனி குடும்பத்தோடு அங்கே இருக்கிறாள். அவளுக்கு யாழ்ப்பாணப் பட்டினத்தை ஒட்டிய திருநெல்வேலியில் ஒரு அலுவலகத்தில் வேலை. அவளுடைய கணவர் ரவிக்குக் கரவெட்டியில். மனிசன் விடிய மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டால் இருட்டத்தான் திரும்புவார். ஒரே மகள் துஷி உயர்தரம் படிக்கிறாள், அதாவது பள்ளிக்கூடம் பாதி ரியூசன் பாதி. வதனி நாலரைக்கு எழும்பிக் காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் சமைக்கிறாள். மூன்று பெட்டியில் கட்டுகிறாள். ஆறே முக்கால் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். இரவுக்கு இடியப்பம் சந்திக் கடையில் வாங்குகிறார்கள். வந்தவர் வந்த நேரத்துக்குச் சாப்பிடுகிறார். வராதவருக்குரியது கோப்பையில் போட்டு, மேலே இன்னொரு கோப்பையால் மூடியிருக்கும். இரவில் அந்த மேசையைப் பார்த்தாலே யார் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று தெரிந்துவிடும். என்னுடைய மஞ்சள் துண்டு இங்கே மூடி, அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பார்க்கவா இவ்வளவு காசைக் கொட்டி விமானம் ஏறினேன் என்று முதல் இரண்டு நாளும் எரிச்சலாக இருந்தது.

முதல் நாள் காலையிலேயே அந்த வாசகம் வில்லங்கத்தைக் கொண்டுவந்தது. மதுரா புட்டும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டுவிட்டு, சித்தியின் முகத்தைப் பார்த்து, சொல்லிப் பழகிய குரலில் "தக் ஃபொர் மாட்டன்" என்றாள். வதனி பஸ்ஸுக்குச் சீலை உடுத்த நிலையில், கையில் பெட்டியோடு நின்றாள்.

"என்னவாம், மாட்டனாம்? புட்டுப் பிடிக்கேல்லையோ பிள்ளைக்கு?"

"இல்லையடி, சாப்பாட்டுக்கு நன்றி எண்டு சொல்லுறாள். அங்கை அப்பிடித்தான் சொல்லுறவை" என்றேன்.

"நன்றியோ? எனக்கோ?" வதனி சிரித்தாள். ஆனால் அது முழுச் சிரிப்பு இல்லை. "பிறத்தியாருக்கெல்லோ நன்றி சொல்லுறது. நான் என்ன கடையே நடத்துறன்?"

அவள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு மதுரா கேட்டாள்: "அப்ப நல்லாயிருந்தது எண்டு சித்திக்கு எப்பிடித் தெரியும்?" நான் யோசித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தாங்கோ எண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் தெரியும்" என்றேன். "வயிறு நிரம்பியிருந்தால்?" "நிரம்பியிருந்தாலும்தான்." அவளுக்கு அது அநியாயமாகப் பட்டது. உண்மையில் அநியாயம்தான்.

வீட்டில் ஒருவரும் இல்லாத அந்தப் பகல்களில் எனக்கு வேறு வேலை இல்லை, பழசைக் கிளறினேன். எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டது எப்போது? அப்பா முதலில் சாப்பிடுவார். பிறகு நானும் வதனியும். அம்மா கடைசியாகக் குசினிக்குள் நிலத்தில் இருந்து, கறிச்சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டு, சட்டியைத் துடைத்ததுபோலச் சாப்பிட்டு முடிப்பார். மேசை இருந்தது. நாலு கதிரையும் இருந்தது. நாலு பேரும் ஒரே நேரத்தில் இருந்ததாக ஒரு நாள்கூட ஞாபகத்தில் வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான். சண்டைக்கு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய வீட்டு விறாந்தையில் இருந்த நாட்கள். ஒரு சட்டியில் சோறும் பருப்பும், ஒரு கரண்டி, நாலு பேரும் வட்டமாக. அப்பாவுக்குப் போக வேலை இல்லை, எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அம்மாவுக்கு ஒளிந்துகொள்ளக் குசினி இல்லை. அப்போதுதான் அம்மா எவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிடுகிறார் என்று கண்டேன். அந்தப் பருப்பின் உருசியைத்தான் நான் ஊர்ச் சாப்பாடு என்று இவ்வளவு காலமும் சுமந்து திரிந்திருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு வதனி மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது, களைப்பு மட்டும் மிஞ்சியது.

ஆனால் வேறொன்று உறுத்தத் தொடங்கியது. எனக்கும் மதுராவுக்கும் அந்த வீட்டில் எப்போதும் சுடச்சுடத்தான். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, எங்களுக்கு அலுமாரிக்குள் இருந்து எடுத்த கண்ணாடிக் கோப்பை. ஒருநாள் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போய், பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்று நின்று, எட்டு மணிக்குத்தான் வீடு வந்தேன். மேசையில் மூடிய கோப்பை ஒன்று இருந்தது. ஆசையோடு திறக்கப் போனேன். "அது துஷிக்கு, அக்கா. நீங்கள் இருங்கோ, நான் ரெண்டு தோசை சுடுறன்" என்று வதனி எழும்பினாள். அவள் அப்போதுதான் காலை நீட்டியிருந்தாள். வேண்டாம், ஆறினது காணும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. சுட்டுத் தந்த தோசை மெத்தென்று நன்றாகத்தான் இருந்தது. அந்த மூடிய கோப்பையைப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிட்டு முடித்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கிறேன் என்று சொன்னேன். ஐந்து மணிக்கு எங்களைக் கொழும்புக்கு ஏற்றிப் போக வான் வரும். அதற்கு முதல் ஒன்றரைக்கு எல்லாரும் மேசையில் இருக்க வேண்டும் என்று மூன்று நாளாகவே கெஞ்சி வைத்திருந்தேன். "வந்த இடத்திலை உங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கரைச்சல்?" என்றாள் வதனி. வந்த இடம். நான் குசினிக்குள் போனேன். அங்கே ஒன்றும் அம்மா வைத்த இடத்தில் இல்லை. மிளகாய்த்தூளுக்கு ஒருமுறை, அகப்பைக்கு ஒருமுறை, வடிதட்டுக்கு ஒருமுறை என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவளே சமைத்திருந்தாலும் அந்தளவு களைத்திருக்க மாட்டாள். சோறு, மீன் குழம்பு, பருப்பு, முருங்கையிலை வறை, சொதி எல்லாம் ஒன்றரைக்கு ஆயத்தம். ரவிக்குக் கரவெட்டியில் ஒரு செத்தவீடு. இரண்டரைக்கு வந்தார், குளித்துவிட்டுத்தான் மேசைக்கு வரலாம். துஷியின் ரியூசன் வகுப்பு விட மூன்று மணி ஆயிற்று. குழம்பு ஆடை பிடித்து ஆறிக் கிடந்தது. பரவாயில்லை என்று எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்தேன்.

வதனி நின்றபடி பரிமாற வந்தாள். கையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினேன். விளிம்பில்தான் இருந்தாள். தண்ணீருக்கு எழும்பினாள், அப்பளத்துக்கு எழும்பினாள், ஒன்றுக்கும் இல்லாமலும் ஒருமுறை எழும்பினாள். என்றாலும் இருந்தோம், ஐந்து பேரும். இருபது நிமிடம் இருக்கும். துஷி குழம்பைத் தொட்டு வாயில் வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். ரவி உப்புப் போத்தலை எடுத்துத் தெளித்துவிட்டு, மேசைக்குக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினைந்து வருடமாக நான் முதியோருக்குச் சமைக்கிறேன். அங்கே உப்பை அளந்துதான் போட வேண்டும், என்னுடைய கையும் அப்படியே பழகிவிட்டது. இன்னும் கொஞ்சம் போடவா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். "காணும் அக்கா." "காணும் பெரியம்மா." "காணும் காணும்." ஒருவருக்கும் இன்னொரு கரண்டி வேண்டியிருக்கவில்லை.

வதனி கை கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரே நின்றாள். மதுராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். இரண்டு பேரும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சொல்லாக, பிழை விடாமல், "தக் ஃபொர் மாட்டன், அக்கா" என்றாள்.

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். மதுரா துள்ளினாள். நோர்வேயில் அதற்கு மறுமொழியாக "வெல் பெகொம்மே" என்று சொல்ல வேண்டும். "சொல்லுங்கோ அம்மா, சொல்லுங்கோ" என்று அவள் என் கையைப் பிடித்து ஆட்டினாள். வதனி பாசத்தோடுதான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அந்த அவசரத்துக்குள்ளும் எனக்காக ஒரு வேற்று மொழியைப் பாடமாக்கியிருக்கிறாள். ஆனால் பிறத்தியாருக்கெல்லோ நன்றி சொல்லுறது என்று அவள் முதல் நாள் சொன்னதுதான் என் காதில் நின்றது. நான் சிரித்து வைத்தேன்.  மிஞ்சிய குழம்பைக் குசினிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஐந்து மணிக்கு வான் வந்தது. கட்டிப்பிடிப்பு, படம் எடுப்பு எல்லாம் முடிந்து ஏறி இருந்த பிறகு, வதனி யன்னலால் ஒரு பொதியை உள்ளே தள்ளினாள். "வழியிலை சாப்பிடுங்கோ." ஆனையிறவுக்குக் கிட்ட, பொழுது சாயும் நேரம், மதுராவுக்குப் பசித்தது. பொதியை அவிழ்த்தாள். என்னுடைய சோறும் என்னுடைய மீன் குழம்பும்தான், குழைத்துக் கட்டியிருந்தது. ஒரு வாய் வைத்தவள், "அம்மா, இது நீங்கள் சமைச்சதுதானே? ஆனா நல்லாயிருக்கு" என்றாள். நானும் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. புளியும் கொஞ்சம் கூட விட்டு, வதனி திரும்பக் கொதிக்க வைத்திருக்கிறாள். நாங்கள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அந்த ஒரு மணித்தியாலத்துக்குள், ஒருவருக்கும் சொல்லாமல்.

கையை வழித்துவிட்டு அவளுக்குப் போன் எடுத்தேன். "சாப்பிட்டியளோ?" என்றுதான் அவள் தொடங்கினாள்.

"ஓம்" என்றேன். நன்றி என்று வாய் வரைக்கும் வந்தது, இரண்டு மொழியிலும் வந்தது. விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் கட்டியிருக்கலாமடி" என்றேன்.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுவதும், பிறகு அதை அவள் பூட்டுவதும் கேட்டது.

"உங்கடை பங்கு இஞ்சை கிடக்கு, அக்கா" என்றாள் வதனி. "மூடி வைக்கிறன்."

வான் உப்பளத்தைத் தாண்டி, குடாநாட்டை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. மதுரா கடைசிப் பிடியை எனக்கு நீட்டினாள். நான் அதை வாங்கிச் சாப்பிட்டேன். பண்டத்தரிப்பு வீட்டு மேசையில் எனக்கு ஒரு கோப்பைச் சோறு மூடியிருந்தது.