வேகத்தடை தாண்டிய கஞ்சி

பீர்க்கன்கரணை ஏரிக்கரைச் சாலை வளைவில் வேகத்தடை வந்ததற்குக் காரணமே ஆட்டோக்காரர் கிபாயத்துல்லாதான். போன வருடம் அவர் மகள் இரம் ஓட்டி வந்த சைக்கிளை ஒரு பைக் தட்டியதில் பிள்ளைக்குக் கை முறிந்தது. அல்லா பெரியவன், அதோடு விட்டது. கை கூடியதும் மனுவும் கையுமாகக் கிபாயத்துல்லா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. ஒருவழியாகத் தாரைக் கொட்டி மேடு போட்டு, வெள்ளைக் கோடும் அடித்துவிட்டுப் போனார்கள். அன்று தெருவுக்கே பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார் மனிதர்.

ரமலான் பிறந்தது. பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைத் தேக்சா என்கிற பெரிய பாத்திரத்தோடு ஆட்டோவில் ஏற்றி, ஏரிக்கரை வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது வருடா வருடம் அவர் பொறுப்பு. முதல் நாள் நேரமாகிவிட்ட அவசரத்தில், தான் கேட்டு வாங்கிய மேட்டையே மறந்துவிட்டார். தொம்மென்று ஒரு குதி. மூடி ஒரு பக்கம், கஞ்சி ஒரு பக்கம்.

எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் துளசிங்கம் ஓடி வந்தார். “இன்னா பாய், ரோட்டுக்கும் சேத்து நோம்பு தொறந்து வுட்டியா?”

அன்று பாதி வீடுகளில் பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான்.

மறுநாள் உஷாராக, மேட்டை விட்டு ஓரத்து மண்ணில் ஆட்டோவை இறக்கி நைசாகப் போனார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஆனால் பின்னால் வந்த பைக்குகளும் அதே மண்ணில் வேகம் குறையாமல் இறங்கின. அங்கே தூக்குச் சட்டியோடு நின்ற இரம் துள்ளி ஒதுங்கினாள்.

வீட்டில் மனைவி மெஹர் பானு பிடித்துக்கொண்டாள். “ஏங்க, மேடு வேணும்னு அலைஞ்சதும் நீங்க, ஓரமா வழி காட்டுறதும் நீங்களா? அப்புறம் அந்த மேடு எதுக்கு, வடாம் காய வெக்கவா?”

அவர் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மூன்றாம் நாள் மேட்டுக்கு முன்னாலேயே ஆட்டோவை நிறுத்தினார். “துளசிங்கம் அண்ணே, ஒரு கை புடிங்க.”

இருவரும் தேக்சாவைத் தூக்கி, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மேட்டைக் கடந்தார்கள். பின்னால் ஹாரன் அலறியது.

“இன்னாத்துக்குக் கூவுற? கஞ்சி கிராஸ் ஆவுதுல்ல!” என்றார் துளசிங்கம்.

தேக்சாவை அந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டுக் கிபாயத்துல்லா காலி ஆட்டோவை மேடு தாண்டி ஓட்டி வருவதற்குள், துளசிங்கம் தன் கடையில் கிடந்த பழைய லாரி டயர்கள் இரண்டை உருட்டி வந்து ஓரத்து மண்ணில் கிடத்தினார். ஆள் நடக்க இடம் இருந்தது. பைக் நுழைய இல்லை. அடுத்து வந்த பைக்காரன் டயரைப் பார்த்தான், முனகினான், மேட்டின் மேல் மெல்ல ஏறி இறங்கினான். பக்கத்தில் இரம் தூக்குச் சட்டியை ஆட்டிக்கொண்டே நடந்து வந்தாள். கிபாயத்துல்லா மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டார்.

பாங்கு சொல்லுமுன் எல்லா வீட்டுக்கும் கஞ்சி போய்ச் சேர்ந்தது. துளசிங்கம் மட்டும் சொம்பை இரண்டாம் தடவை நீட்டினார்.

“மேடு தாண்டித் தூக்கின கைக்கு இன்னொரு கரண்டி ஊத்து பாய்!”