ஆறு விலா எலும்புகள்

இருபத்திரண்டு வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் வில்மா ஸ்டேம்பர். கென்டக்கி மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் அவள் மேசை. மேலே நோயாளிக்குச் செய்ததையெல்லாம் குறியீடாக மாற்றுவது வேலை. நின்ற இதயத்தைக் கையால் அமுக்கி ஓட வைத்தால் ஒரு குறியீடு, தொண்டையில் குழாய் போட்டால் இன்னொன்று. அதற்கு முன் பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸ் கிண்டினாள். குறியீட்டுப் பரீட்சையில் இரண்டாம் முறை தோற்றபோது புருஷன் சிரித்தான். மூன்றாம் முறை தேறிய கையோடு அவனை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாள்.

டாக்டர் பிரிஸ்கோவுக்கு வாசல் கூடத்தில் ஆளுயரப் படம் உண்டு. அந்த மகானுபாவர் நேற்று எழுதிய குறிப்பையே நகலெடுத்து இன்றைக்கும் ஒட்டுவார். முந்தின நாள் செத்துப்போன ஒருவர் மறுநாள் காலை முட்டை சாப்பிட்டதாகக்கூட அவர் கையெழுத்தோடு ஒரு குறிப்பு இருக்கிறது. சந்தேகம் வந்தால் வில்மா கேள்வி அனுப்பலாம். ஆனால் பதிலை அவர் வாயில் ஊட்டக் கூடாது, நாலு பதிலுக்குக் கட்டம் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. கடைசிக் கட்டம் "தீர்மானிக்க இயலவில்லை". எதைக் கேட்டாலும் பிரிஸ்கோ அதில்தான் டிக் அடிப்பார். இத்தனை வருடம் படித்த மனுஷனுக்கு ஒன்றையுமே தீர்மானிக்க இயலவில்லை, பாவம்.

மார்ச் மாதம் ஹோபர்ட் காம்ப்ஸ் என்ற பழைய சுரங்கத் தொழிலாளி வந்து சேர்ந்தார். வீட்டில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்திருந்தார். மறுநாள் இதயம் நின்றது. பதினெட்டு நிமிடம் நெஞ்சை அமுக்கி மீட்டார்கள். ஒன்பது நாள் இயந்திரத்தில் மூச்சு விட்டு, பிறகு போய்ச் சேர்ந்தார். விலா எலும்பு ஆறு முறிந்திருந்தது. பிரிஸ்கோவின் முடிவறிக்கை, "வீட்டில் விழுந்ததில் முறிந்தவை" என்றது.

ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் பக்கத்தில் வில்மா ஓர் எழுத்துப் போட வேண்டும். வரும்போதே இருந்ததா, இங்கே வந்ததா என்று அந்த எழுத்து சொல்லிவிடும். இங்கே வந்தவை அதிகமானால் டாக்டரின் பெயர் கெடும்.

ஹோபர்ட்டின் மகள் நெல்டா கோப்பு கேட்டு அடித்தளத்து ஜன்னலுக்கு வந்தாள்.

"தம்பி ஒஹாயோவுல இருந்து வந்தான்க்கா. டாக்டர் சொன்னதக் கேட்டுட்டு, அப்பாவப் பார்த்துக்கத் துப்பில்ல, ஆறு எலும்பு முறியற மாதிரி விழ விட்டுட்டேன்னு சவப்பெட்டி பக்கத்துல நின்னு எல்லாரு முன்னாலயும் கேட்டான். அப்பா மெதுவாத்தான் சரிஞ்சாரு. நான் கையப் பிடிச்சிருந்தேன். என் வீட்டுலயா முறிஞ்சது?"

பதில் வில்மாவுக்குத் தெரியும். கோப்பு மூடும்வரை வாய் திறக்க அவளுக்கு உரிமை இல்லை. "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றாள்.

வந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் முழுசாக இருந்தது. நெஞ்சை அமுக்கிய பின் எடுத்த இரண்டாவதில் ஆறு முறிந்திருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்தவர் எழுதியதை மட்டும் வைத்து வில்மா எழுத்துப் போட முடியாது. வைத்தியம் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டும். நெஞ்சை அமுக்கினால் வயசானவருக்கு விலா முறியும், அதில் குற்றமே இல்லை. உயிரை மீட்டவன் அதை நிமிர்ந்து சொல்லலாம். பழியைத் தூக்கி ஒரு பெண்ணின் தலையில் போட்டுவிட்டு மேலே படத்தில் சிரிப்பதைத்தான் வில்மாவால் பொறுக்க முடியவில்லை.

கேள்வி அனுப்பினாள். தீர்மானிக்க இயலவில்லை என்று பதில் வந்தது.

கோப்பைத் திரும்ப முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மூன்றாம் நாள் குறிப்பில் பிரிஸ்கோ, இரண்டு எக்ஸ்ரே அறிக்கைகளையும் அப்படியே வாரி ஒட்டியிருந்தார். நாலாம் நாளும் அதே, கடைசி நாள்வரை அதே. எல்லாவற்றின் கீழும் அவர் கையெழுத்து. வில்மா போனை எடுத்தாள்.

"ஹோபர்ட் காம்ப்ஸ் விஷயமா, டாக்டர்."

"அதான் டிக் அடிச்சு அனுப்பிட்டேனே. உனக்கு வேற வேலை இல்லையா?"

"இதான் டாக்டர் என் வேலை. ஒன்பது நாள் நீங்களே எழுதியிருக்கீங்க. 'வந்த அன்று விலா எலும்புகள் முழுமை. நெஞ்சை அமுக்கிய பின் ஆறு முறிவு.'"

"அது எக்ஸ்ரேக்காரர் எழுதினது. தானா வந்து ஒட்டிக்கிட்டிருக்கும்."

"கையெழுத்துமா ஒட்டிக்கிச்சு?"

வில்மா கோப்பின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"ஒன்பது தடவையும் படிக்காமதான் கையெழுத்துப் போட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாலும் சரி. அதையும் கோப்புல சேர்த்துடறேன். எது உங்களுக்கு வசதின்னு பாருங்க."

பத்து நிமிடத்தில் டிக் இடம் மாறியது. "இங்கே, நெஞ்சை அமுக்கியபோது" என்ற கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. முடிவறிக்கையும் திருந்தியது. உயிருக்குப் போராடிய நோயாளிக்குக்கூட அந்த மனிதர் இவ்வளவு சுருக்காக வந்ததில்லை என்று வில்மா பக்கத்து மேசையில் சொன்னாள். பிறகு முறிவுக்குப் பக்கத்தில் "இங்கே வந்தது" என்பதற்கான எழுத்தைத் தட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து நெல்டா வந்தாள். ஜன்னலிலேயே நின்று விரலை வரிமேல் வைத்துப் படித்தாள். வில்மா எதுவும் விளக்கவில்லை, விளக்கவும் கூடாது. நெல்டா அந்த வரியை மறுபடி, உதடு அசையப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு காப்பி கிடைக்குமாக்கா?" என்றாள். "ஒஹாயோவுக்கு அனுப்பணும்."