வெங்காயக் குரலில் பூண்டு

எங்கள் ஐயப்பன்தாங்கல் தெருவுக்குக் காலையில் ஒரு குட்டியானை வண்டி வரும். ஒலிபெருக்கியில் ஒரு குரல் இழையும்: "வெங்காயம், தரமான பெரிய வெங்காயம், வாங்கம்மா." வண்டியில் இருப்பதோ பூண்டு. மழையில் வெங்காயம் அழுகியதால் சரக்கை மாற்றிய வியாபாரி குரலை மாற்றவில்லை. குரலும் அவருடையதல்ல, எந்த ஊர்க்காரருடையதோ, கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி வந்தது. கூடையோடு இறங்கும் பெண்கள் திட்டிவிட்டுப் போவார்கள். மூட்டையில் பூண்டு முளைவிடத் தொடங்கியிருந்தது.

"அண்ணாத்தே, நீ கவித எய்துறியாமே. பூண்டுக்கு ஒண்ணு பேசிக் குடேன்" என்றார் வியாபாரி ஒருநாள்.

கேட்டது யாரிடம்? இரவல் ஓசைகளால் இசையே செத்துவிட்டதென்று மேடைதோறும் முழங்குகிற மேதையிடம். செயலியில் இலவசமாகக் கிடந்த தாளங்களை எல்லாம் ஒதுக்கினேன். சமையலறையில் மின்விசிறியை அணைத்துவிட்டு, பூண்டுத் தோல் சரசரப்பதைப் பதிவு செய்தேன். அதன்மேல் என் குரல்: "வெள்ளை அங்கிக்குள் உறங்கும் பற்களே..." பிறகு நீண்ட மௌனம். மௌனமும் சொந்தத் தயாரிப்புதான்.

மறுநாள் வண்டியில் அது ஒலிப்பதை மாடியில் நின்று கேட்டேன். சரசரப்பை ஸ்பீக்கர் கோளாறு என்றார்கள். மௌனம் வந்ததும் எதிர்வீட்டு அம்மா தலையில் முந்தானையோடு வாசலுக்கு வந்தார்.

"யாருப்பா தவறிட்டாங்க? அடக்கப் பூசை எத்தினி மணிக்கு?"

"பூண்டும்மா. நம்ம கவிஞரு..."

"அய்யோ, அவரா? நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு."

மதியம் வியாபாரி வந்தார். "கோச்சிக்காத அண்ணாத்தே. அந்தப் பழைய குரலு கூப்டாதான் ஜனம் வருது. வெங்காயம்னு வர்ற எடத்துல மட்டும் நீ பூண்டுன்னு சொல்லு. வேற ஒண்ணியும் பேசாத."

இத்தனை ஆண்டு இலக்கிய வாழ்வில் யாரும் என்னை இவ்வளவு கச்சிதமாக எடிட் செய்ததில்லை. "பூண்டு" என்றேன்.

"கோவமா சொல்லாத."

"பூண்டு."

வெட்டி ஒட்டினோம். இரவல் குரல்காரர் "தரமான பெரிய" என்று இழைவார், நான் "பூண்டு" என்று தொப்பென விழுவேன், அவர் "வாங்கம்மா" என்று தாங்கிப் பிடிப்பார். முளைவிட்ட மூட்டைகள் இரண்டே நாளில் தீர்ந்தன.

சில வாரங்கள் கழித்து, வானகரத்து நெரிசலில், முன்பின் தெரியாத வண்டி ஒன்றிலிருந்து என் பூண்டு கேட்டது. நம்மவரைப் பிடித்து விசாரித்தேன்.

"தோஸ்து ஒர்த்தன் கேட்டான், அனுப்சேன். இன்னா இப்போ, தேஞ்சா பூடும்?"

படைப்புரிமை குறித்து ஆவேசமாகப் பேசத்தான் வாயைத் திறந்தேன். "அவருக்கு வித்துதா?" என்று வந்தது.

"மத்தியானத்துக்குள்ள காலி."

வெட்கமே இல்லாமல், அன்றைக்கு முழுக்க சந்தோஷமாக இருந்தேன்.