நான்கு டெராபைட்டும் ஜஹபர் நிஷாவும்

முல்லா வீதியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ஒரு வீட்டில் நிக்காஹ் நிச்சயமானால், மண்டபத்துக்கும் பிரியாணிக்கும் ஆள் சொன்ன கையோடு ஜஹபர் நிஷாவுக்கும் சொல்லிவிடுவார்கள். ஆண்கள் பக்கத்தை எந்த ஸ்டூடியோக்காரர் வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம். பெண்கள் பக்கத்தை அவருடைய மகள் ரூமானா பிடிப்பாள். நிஷா வெட்டி ஒட்டி முடித்துக் கொடுப்பார். இடையில் ஓர் ஆணின் பார்வைகூட அதில் படாது என்பதுதான் அவருடைய தொழிலுக்கு இருந்த ஒரே விளம்பரம்.

நாத்தனார் கல்யாணத்தில் கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கேமராவால் நிஷா விளையாட்டாகப் பிடித்த படத்தைப் பார்த்து, அடுத்த வீட்டார் கேட்க, அதற்கடுத்த வீட்டார் கேட்க, இருபது ஆண்டுகளில் அது ஒரு தொழிலாகிவிட்டது. மாடி அறையிலிருந்த அவருடைய கணினிக்கு இணைய இணைப்பு கிடையாது. செருப்புக் கடை நடத்தும் கணவர் யாகூப், சொந்த வீட்டிலேயே கதவைத் தட்டி, "அணைச்சாச்சா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே அந்த அறைக்குள் நுழைவார். மண்டபத்தில் திரைக்கு அந்தப் பக்கம் பர்தாவைக் கழற்றிவைத்து, நகை பூட்டி, தலைவாரி, சிரித்துக் கும்மாளமிடும் பெண்கள், அந்தத் திரை தங்கள் பின்னாலேயே இவருடைய வீடுவரை வருகிறது என்று நம்பினார்கள்.

சென்ற ஆடி மாதத்தில் அந்தக் கணினியிலிருந்த பழைய ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று முனகத் தொடங்கியது. அதில் இன்னும் வெட்டி முடிக்காத கல்யாணங்கள் கிடந்தன. முக்கியமானது அனம் என்ற பெண்ணின் கல்யாணம். பயண அனுமதி கிடைக்காமல் பிரான்சிலேயே தங்கிவிட்ட அனமின் பெரியம்மா அந்தப் படத்துக்காகக் காத்திருந்தார். முனகல் கேட்ட அன்றே நிஷா, வழக்கமாக வாங்கும் கலைவாணனின் கடைக்குப் போய் நான்கு டெராபைட் டிஸ்க் ஒன்றை வாங்கிவந்து, தாமே கணினிப் பெட்டியைத் திறந்து பொருத்தினார்.

புது டிஸ்க்கைப் பொருத்தியதும் அதை எந்த முறையில் தயார் செய்வது என்று கணினி கேட்கும். எம்.பி.ஆர். என்பது பழைய முறை, ஜி.பி.டி. என்பது புதிய முறை. நிஷா யோசிக்காமல் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தார். அதற்குக் காரணம் இருந்தது. கல்யாண வீட்டாருக்கு அவர் கொடுக்கும் சின்ன டிரைவ்களை அவர்கள் நேராக டிவியில்தான் செருகுவார்கள். ஒருமுறை புதிய முறையில் தயாரித்துக் கொடுத்ததை மூலக்குளத்து வீடொன்றின் டிவி ஏற்க மறுக்க, சம்பந்திகள் கூடியிருந்த கூடத்தில் திரை வெறும் நீலமாக நின்றது. அன்றிலிருந்து எந்த டிரைவானாலும் பழைய முறைதான். அது கைப்பழக்கமாகவே படிந்துவிட்டது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கோப்புகளை நகலெடுக்க மாட்டார், வெட்டி ஒட்டுவார். பழைய இடத்திலிருந்து ஒரு கல்யாணம் மறைந்தால் அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கு. அப்படியே எல்லாக் கல்யாணங்களையும் ஒவ்வொன்றாகப் புது டிஸ்க்குக்கு மாற்றினார். கடைசிக் கோப்பு போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் பழைய டிஸ்க் மூச்சை நிறுத்தியது. கணினி அதை அடையாளமே காணவில்லை. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டுப் புது டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தவர் திடுக்கிட்டார். மொத்தக் கொள்ளளவே ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது டெராபைட் என்றிருந்தது.

நான்கு என்று போட்டால் நான்கு காட்டாது என்பது அவருக்குத் தெரியும். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். கணினியோ ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது. ஆகவே நான்கு என்பது மூன்று புள்ளி ஆறு மூன்றாகக் குறையும். ஆனால் பாதியாகக் குறையாது. போலிச் சரக்கு என்று முடிவுகட்டிக் கைப்பேசியை எடுத்தார்.

"தம்பி, பொட்டி மேல நாலு போட்டிருக்கு, உள்ள ரெண்டுதான் இருக்கு. மீதி ரெண்ட கடையிலயே எடுத்து வச்சிக்கிட்டீங்களா?"

"இன்னாக்கா இது, காலையிலயே! எங்கிட்டயா போலி வரும்? கொண்டாந்து வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் சரி பண்ணி வைக்கிறேன்."

"வச்சிட்டுலாம் போவ முடியாது."

"ஏங்க்கா, உள்ள இன்னா தங்கமா இருக்கு?"

"தங்கம் போட்ட பொண்ணுங்க இருக்காங்க."

மறுமுனையில் சிரிப்பு அடங்கியது. நிஷாவின் தொழில் கலைவாணனுக்குத் தெரியும். டிஸ்க்குகளின் விவரங்களைக் காட்டும் பக்கத்தைத் திறந்து, அங்கே என்ன தெரிகிறது என்று படிக்கச் சொன்னார். ஒரு கட்டத்தில் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு ஜிபி. அதன் பக்கத்தில் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு ஜிபி யாருக்கும் ஒதுக்கப்படாமல் கறுப்புக் கோடிட்டுக் கிடந்தது.

"பாத்தீங்களா? சரக்கு முழுசாத்தான் இருக்கு. பழைய மொறையில தயார் பண்ணியிருக்கீங்க. அதுக்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதுக்கா. அந்தக் கட்டத்த அழிச்சிட்டு ஜி.பி.டி.க்கு மாத்துங்க. முழுசா வந்துடும்."

நிஷாவின் விரல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்திவிட்டது. அழிக்கும் கட்டளை திரையில் வந்து நின்றது.

"அழிச்சா உள்ள இருக்கறது?"

"உள்ள இன்னா இருக்கு? புதுசுதான?"

"எல்லாமே இதுலதான் இருக்கு தம்பி. பழசு செத்துப்போச்சு."

"அய்யய்யோ, கைய எடுங்கக்கா! எதையும் தொடாதீங்க!"

அழிக்காமலே மாற்றித்தரும் மென்பொருள் கடைக் கணினியில்தான் உண்டு, டிஸ்க் கடைக்கு வரவேண்டும் என்றார் கலைவாணன். அருகில் நின்ற ரூமானா, "அனம் வீட்ல ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம்மா. அவங்க சரின்னா குடுத்துடலாம்ல?" என்றாள்.

"அனம் சரின்னு சொல்லுவா. அவ கல்யாணத்துக்கு வந்த பொம்பளைங்க அத்தன பேரும் சரின்னு சொல்லணும். யார் யாரு வீட்டுக்குப் போயி கேப்ப? வயசான உம்மா ஒருத்தங்க தலைத்துணிய எடுத்துட்டு ஆடினாங்களே, அவங்ககிட்ட நீ போயி கேளு."

மகள் சொன்னபடி செய்துவிடலாமா என்ற நினைப்பு நிஷாவுக்கும் எழாமலில்லை. கலைவாணன் நல்லவர்; திறந்து பார்க்க மாட்டார். ஆனால் அவர் பார்ப்பாரா மாட்டாரா என்பதல்ல கேள்வி. யாருடைய கைக்கும் போகாது என்று சொல்லி வாங்கிவந்த பொருள் அது.

அன்று மாலை கடையை அடைத்துவிட்டுத் தவளக்குப்பத்திலுள்ள வீட்டுக்குப் போகிற வழியில் கலைவாணன் முல்லா வீதிக்கு வண்டியைத் திருப்பினார். கையில் இன்னொரு நான்கு டெராபைட் டிஸ்க் இருந்தது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று கொண்டுவந்திருந்தார். மாடிப்படி முடியும் இடத்தில், அறைக்கு முதுகைக் காட்டியபடி அவருக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. யாகூப் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே ஒரு படியில் உட்கார்ந்தார்.

"பாய், நீங்களுமா வெளிய?"

"எனக்கு இதுதான் நெரந்தர எடம்" என்றார் யாகூப்.

உள்ளேயிருந்து நிஷா திரையிலுள்ளதை எழுத்து எழுத்தாகப் படிக்க, வெளியிலிருந்து கலைவாணன் அடுத்ததைச் சொன்னார். நிஷாவும் ரூமானாவும் செத்த டிஸ்க்கைக் கழற்றி அதன் ஒயர்களில் இரவல் டிஸ்க்கைப் பொருத்தினார்கள். இம்முறை புதிய முறை. மூன்று புள்ளி ஆறு மூன்று என்று நிஷா படித்ததும், படியிலிருந்து "அதான்!" என்ற குரல் வந்தது.

"இப்ப எல்லாத்தயும் காப்பி பண்ணுங்க. கட் பண்ணாதீங்க. உங்க கைய நம்ப முடியாது, என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணுங்க."

"உங்க தலைய நான் பாக்க முடியாதே தம்பி, பர்தாவுல இருக்கீங்களே" என்றார் நிஷா. படியில் இருவரும் சிரித்தார்கள்.

நகலெடுத்து முடிய மறுநாள் ஆயிற்று. நிஷா ஒவ்வொரு கோப்பையும் திறந்து, தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஓடவிட்டுப் பார்த்தார். அனமின் கையில் மருதாணி பிசகியது, சித்தி முறையான சாச்சி ஒருத்தி கேமராவை விரட்டியது, அந்த வயசான உம்மா ஆடியது எல்லாம் இருந்தன. அதன் பிறகே முதல் டிஸ்க்கின் கட்டத்தை அழித்துப் புதிய முறைக்கு மாற்றினார். காணாமற்போன பாதி திரும்பிவந்தது. எல்லாவற்றையும் மறுபடி அதற்கு நகலெடுத்து, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். அனமின் படம் வெட்டி முடிந்து, பிரான்சுக்குப் புறப்பட்ட ஓர் உறவுக்காரப் பெண்ணின் கைப்பையில் போயிற்று.

அடுத்த வாரம் கலைவாணன் இரவல் டிஸ்க்கைக் கேட்டு வந்தார். அதன் காலி அட்டைப்பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

நிஷா டிஸ்க்கைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "தம்பி, இதுல இருக்கறத நான் அழிச்சிக் குடுத்தா, அதத் திருப்பி எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியாது என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். கலைவாணன் பிடரியைச் சொறிந்தார்.

"எடுக்கலாம்க்கா. அதுக்குன்னே மென்பொருள் இருக்கு. முழுசா வேற எதயாவது எழுதி அழிச்சா எடுக்க முடியாதுன்றாங்க."

"நீங்க செஞ்சி பாத்திருக்கீங்களா?"

"இல்ல. வேணும்னா இத நீங்களே வச்சிக்குங்க, மொத டிஸ்க்க குடுங்க. எதுவானாலும் எனக்கு ஒண்ணுதான்."

"எதக் குடுத்தாலும் அதுல அவங்க இருந்தாங்கல்ல தம்பி?"

கலைவாணன் கொண்டுவந்த காலி அட்டைப்பெட்டியை நிஷாவிடம் நீட்டினார்.

"அப்ப இதயும் வச்சிக்குங்க. கேரண்டி சீட்டு உள்ள இருக்கு. நாள பின்ன ரிப்பேருன்னா கம்பெனிக்கு அனுப்பலாம்... அனுப்பமாட்டீங்க, தெரியும். பில்லு நாளைக்கு பாய் கடைக்குக் குடுத்தனுப்பறேன்."

அவர் படியிறங்கியதும் நிஷா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அடுத்த கல்யாணம் இருந்தது.