482

சிதம்பரத்தில் ஐந்து வருடம் சட்டம் படித்தேன். முன்ஜாமீன் என்றால் பிரிவு 438, கைதான பிறகு கேட்கும் ஜாமீன் 439, வழக்கையே ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போவதென்றால் 482. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். 2024-இல் படிப்பு முடிந்தது. அதே வருடம் ஜூலை முதல் தேதி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. முன்ஜாமீன் 482 ஆனது, ஜாமீன் 483 ஆனது. மறுபடி உட்கார்ந்து படித்தேன்.

கடலூரில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். அடுத்த வருடம் ஆவணி மாதம் மீனவப் பெண் ஒருவர் வந்தார். வலை அறுந்த தகராறில் அவர் கணவர் மேல் முந்தின வாரம்தான் வழக்குப் பதிவாகியிருந்தது. கணவர் ஸ்ரீமுஷ்ணத்தில் மச்சான் வீட்டில் ஒளிந்திருந்தார்.

"தெனம் போலீசு வந்து கேக்குது வக்கீலம்மா. அவுங்கள புடிக்கறதுக்குள்ள எதாச்சும் பண்ணுங்க."

மனுவை நான் எழுதினேன். சீனியர் வாசித்துவிட்டு 482-ஐ அடித்தார்.

"ஏம்மா, இது ஹைகோர்ட்டு நம்பராச்சே. 438 போடு."

"அது பழசு சார். போன வருஷம் ஜூலை ஒண்ணாந்தேதியிலேருந்து..."

"எதுக்கெடுத்தாலும் தேதி. நீ கேலண்டர் கடை வெச்சிருக்க வேண்டியவம்மா. முப்பது வருஷமா போடறேன், எனக்குத் தெரியாதா?"

குமாஸ்தா சிரித்தார். 438 என்றே அச்சானது. கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் வைத்து நீதிபதியோடு வாதாடப் பழக்கினார்கள். சீனியரோடு வாதாட யாரும் பழக்கவில்லை. புதிய சட்டப் புத்தகம் அவர் மேசையில்தான் இருந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

வியாழக்கிழமை தாக்கல் செய்தோம். வெள்ளிக்கிழமை மாலை, பிரிவைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி மனு திரும்பிவிட்டது.

"ஒரு நம்பர்தானே, திங்கக்கெழமை மாத்திக்கலாம்" என்றார் சீனியர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண்ணின் கணவர் டீ குடிக்கத் தெருமுனைக்கு வந்திருக்கிறார். அங்கேயே பிடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும் முன்பே அந்தப் பெண் வாசலில் நின்றார். சீனியரை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"நம்பர் தப்பாமே? அதக்கூடவா ஒங்களுக்கு சொல்லிக்குடுக்கல?"

யார் போட்ட நம்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். சீனியர் முந்திக்கொண்டார்.

"வுடும்மா, ஜாமீன் போட்டு வெளிய எடுத்துடலாம்." குமாஸ்தாவிடம் திரும்பினார். "439 அடிங்க."

"483 சார்" என்றேன். இந்த முறை வாசல்வரை கேட்கும்படி.

சீனியர் கண்ணாடியைக் கழற்றினார். குமாஸ்தா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒரு நம்பருக்கு வாங்க" என்றார். "அவுங்க உள்ள இருக்காங்க."