நைனா கொடுத்த இருட்டு

கோட்டைக்குப்பத்தில் எந்த வீட்டு ஆண்கள் ராத்திரி ஏரிக்குப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். ஜன்னல்களைப் பார்த்தால் போதும். அந்த வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருக்கும். இறால் வலை போட எங்கள் ஊரில் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். பாடு விழுந்த ராத்திரிகளில் என் நைனா ஏரியில் இருப்பார். விடிந்ததும் கரைக்கு வந்து, இறாலை ஏலத்தில் போட்டுவிட்டுப் பகலில் தூங்குவார். அதற்காக ஜன்னலுக்கு வெளியே தார்ப்பாய், உள்ளே கோணி, இடுக்கில் பழைய வலைத்துண்டு என்று ஓர் அறையை அடைத்து வைப்போம். அந்த அறை வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தால்கூட எங்களுக்கு முதுகு பழுக்கும்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனதும் நைனா அந்த அறையை எனக்குக் கொடுத்துவிட்டார். "பொண்ணு பெரிய பரிச்சைக்குப் படிக்குது. நல்லா படிக்கட்டும், நல்லா தூங்கட்டும்" என்றார். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை. நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அப்போதுதான் எனக்குச் சனி பிடித்தது. சீக்கிரம் படுத்தால் தூக்கம் வராது. வந்த பிறகு போகாது. பள்ளிக்கு ஏற வேண்டிய பொன்னேரி பஸ் போன பிறகுதான் பல நாள் கண்ணே திறப்பேன். அம்மா முகத்தில் தண்ணீர் அடித்தாள், பாயை உருவினாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். "இடியே வுழுந்தாலும் எந்திரிக்க மாட்டியாடி? இன்னா ஜென்மம்டி நீ!" பள்ளியில் வகுப்பு ஆசிரியை வேறு கூப்பிட்டு, வருகை இப்படியே குறைந்தால் பொதுத்தேர்வு எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள்: "இன்னும் ஒரு மாசம் பாப்பேன். இப்டியே இருந்தின்னா பள்ளிக்கூடமும் வாணாம் ஒண்ணும் வாணாம். மீன் கூடைய எடுத்துக்கினு எங்கூட வா."

எனக்குப் படிக்க ஆசை. அதனால் பயந்துபோனேன். சோம்பேறி என்று எல்லோரும் சொன்னதை நானும் நம்பினேன். ஆனால் ஒரு கணக்கு மட்டும் இடித்தது. சோம்பேறிக்குப் படுத்தவுடன் தூக்கம் வர வேண்டுமே? எனக்கு ஏன் வரவில்லை? தூக்கத்துக்கே என்மேல் சோம்பலா?

அந்த மழைக்காலத்தில் ஒரு புயல் வந்து மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. சில நாள் கரண்ட் இல்லை. ராத்திரி படுத்தபடி பார்க்கும் போனும் செத்துக் கிடந்தது. அந்த அறையில் கொசுவும் புழுக்கமுமாக இருந்ததால், எல்லோரும் கூடத்தில் கதவைத் திறந்துபோட்டு ஏரிக்காற்றில் படுத்தோம். முதல் நாள் புரண்டுகொண்டுதான் கிடந்தேன். அடுத்தடுத்த நாட்களில் சாப்பிட்டு முடிப்பதற்குள் கொட்டாவி வந்தது. பிறகு ஒரு நாள் காலையில், ஏரிப்பக்கம் வெளுக்கும்போது, யாரும் எழுப்பாமல் நானே எழுந்து உட்கார்ந்தேன். அம்மா பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜொரம் கிரம் அடிக்குதாடி?"

கரண்ட் வந்தது. நான் அறைக்குத் திரும்பினேன். பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் பஸ்ஸை விட்டேன். ஒருவேளை காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்துப் பார்த்தேன். தூக்கம் சற்று முன்னால் வந்தது, ஆனால் காலையில் அதே கதைதான். கதவைத் திறந்து வைத்துப் படுத்தேன்; புழுக்கம் குறைந்தது, அவ்வளவுதான். மொட்டை மாடியில் அம்மாவோடு படுத்துப் பார்த்த நாட்களில் மட்டும் வெயில் மூஞ்சியில் விழுமுன்னே விழிப்பு வந்தது. இறாலுக்கு நிலா வெளிச்சம் தெரியும் என்று நைனா சொல்வார். இருட்டு ராத்திரியில்தான் வலையில் நன்றாக விழுமாம். இறாலுக்கே தெரிகிறது என்றால் என் உடம்புக்குத் தெரியாதா என்று தோன்றியது. பயம் போய், என்மேலேயே எனக்கு ஓர் ஆர்வம் வந்துவிட்டது.

உயிரியல் ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். அவர் முதலில் கேட்டது இதைத்தான்: "உன் ரூமுக்குக் காலைல வெளிச்சம் வருமா?"

"ஒரு பொட்டு வராது மிஸ்! எங்க நைனா அப்டி அடைச்சு வெச்சிருக்காரு" என்றேன் பெருமையாக.

அவர் சிரித்துவிட்டார். பிறகு விளக்கினார். உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு. என் வயதில் அது தானாகவே பின்னால் தள்ளிப்போகும். காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் முன்னால் இழுத்து வைக்கும். ராத்திரியில் போனும் வெள்ளை விளக்கும் இன்னும் பின்னால் தள்ளும். உடம்பு கொஞ்சம் குளிர்ந்தால்தான் தூக்கமும் வரும். பகலெல்லாம் சூடேறிய காங்கிரீட் கூரைக்குக் கீழே அது எப்படிக் குளிரும்? பகலில் தூங்குகிறவருக்குச் செய்த ஏற்பாடு எனக்கு நேர் எதிராக வேலை செய்திருக்கிறது. விஷயம் புரிந்ததில் குதிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிஷமே பகீரென்றது. இதை நைனாவிடம் எப்படிச் சொல்வது?

"நீயே சொல்லு. எனக்கு வாய் வராது" என்று அம்மா நழுவிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரைத் தேடிக்கொண்டு கரைக்குப் போனேன். ஏலம் முடிந்து பெண்கள் ஐஸ் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பூவரச மரத்தடியில், வலைக் குவியலின் மேல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நைனா படுத்திருந்தார். கால்களில் வெயில் ஏறியிருந்தது. ஈயை விரட்டக் காலை உதறிக்கொண்டே இருந்தார். அவர் எங்கே தூங்குகிறார் என்று இத்தனை மாதங்களில் நான் ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"நைனா" என்றேன். துண்டை எடுத்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. மிஸ் சொன்னதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில், "நீ ஆசையா குட்த்த. ஆனா எனக்கு அந்த ரூம் வாணாம் நைனா" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ நீ சோம்பேறி இல்ல."

"இல்ல நைனா."

"உங்கம்மாகிட்ட நான் அப்பவே சொன்னேன், எம் பொண்ணு அப்டி இல்லனு." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இதுக்கு ஏன் கண்ணு அழுவுற? வா, ஊட்டுக்குப் போலாம்."

வீட்டுக்கு வந்ததும் என் புத்தகங்களை எல்லாம் அவரே கூடத்து ஜன்னலோரம் கொண்டுவந்து அடுக்கினார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் தெருவரை கேட்கும்படி குறட்டை கிளம்பியது. அடுப்பைத் தணித்துவிட்டு அம்மா அப்படியே நின்றாள்.

"நீ அந்த ரூமுக்குப் போன நாள்லேர்ந்து இந்தக் கொறட்டைய நான் கேக்கவே இல்லடி" என்றாள்.

திங்கட்கிழமை பொன்னேரி பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். சந்தோஷம்தான். ஆனால் நைனாவின் குறட்டை காதிலேயே நிற்க, வழியில் திருப்பாலைவனம் தாண்டும்வரை அழுதுகொண்டே போனேன்.